துணைக் கம்ப்ரஸர்: யார் வாங்கலாம், எதை வாங்கலாம்?

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதுவது)

கொள்ளிடத்துக்கு வடக்கே, வாய்க்கால் நீர் ஏறாத மேட்டுப் புஞ்சைகளில், ஆழ்துளைக் கிணற்றில் கம்ப்ரஸர் வைத்து நீர் இறைத்துப் பயிர் செய்யும் குடியானவர்கள் பலர். திருவெள்ளறையைச் சார்ந்த நிலங்களிலும் இதைக் காணலாம். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் இவர்களிடமிருந்து மூன்று கேள்விகள் வரும். இருக்கும் கம்ப்ரஸர் திடீரென்று நின்றுவிட்டால் பயிரை எப்படிக் காப்பது? அதற்கென இன்னொரு கம்ப்ரஸர் வாங்கி வைக்கலாமா? வாங்கினால் எத்தனை குதிரைசக்தி உள்ளதை வாங்குவது? மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் உடனே விடை சொல்லிவிடுகிறார். முதல் இரண்டுக்கும் விடை காணவேண்டியவர் நிலச்சுவான்தாரே. அவற்றுக்கு விடை காணாமல் மூன்றாவதற்குப் பணம் கொடுப்பது தகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சுருங்கச் சொன்னால், துணைக் கம்ப்ரஸர் முதல் கம்ப்ரஸருக்கு இரட்டைப் பிள்ளையாய் இருக்கவேண்டுவதில்லை. எந்த வேலை நின்றால் ஈடு செய்ய முடியாத நஷ்டம் உண்டாகுமோ அந்த வேலையை நடத்த வல்லதாயும், முதல் யந்திரம் எந்தக் காரணத்தால் நின்றதோ அதே காரணத்தால் தானும் நின்றுவிடாததாயும் இருந்தால் போதும்.

நம் கிணற்றின் இயல்பு

திருவெள்ளறை என்னும் பெயரே வெண்மையான பாறையைக் குறிப்பது. இங்கே பெருமாள் கோயிலின் அருகில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு இன்றும் உள்ளது. சுவஸ்திக வடிவில் நான்கு புறமும் படித்துறை கொண்டது. பாறைப் பிரதேசத்தில் நீர் கசிந்துதான் வரும். ஆகையால் இரவெல்லாம் கசியும் நீரைத் தேக்கிக்கொள்ள அகன்ற வயிறுள்ள கிணறு வேண்டும். நம் முன்னோர் வெட்டிய கமலைக் கிணறுகள் பெரும்பாலும் அகன்றவையாய் இருந்ததன் காரணமும் இதுவே.

இப்பொழுது நாம் போடும் துளையோ ஆறரை அங்குல விட்டமுள்ளது. அதில் 100 அடி உயரத்துக்கு நீர் நின்றாலும், அந்நீர் ஏறத்தாழ 650 லிட்டர் மாத்திரமே. மூன்று பீப்பாய்க்குச் சற்று அதிகம். ஆழம் எவ்வளவாயினும் துளை நீரைச் சேமித்து வைக்கும் பாத்திரம் அன்று. பாறை வெடிப்பிலிருந்து வரும் நீரை மேலே கொண்டுவரும் வழி மட்டுமே. எனவே யந்திரம் மூன்று நாள் நின்றால், நான்காம் நாள் மூன்று நாள் நீரையும் சேர்த்து இறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது பெரும்பாலும் ஏமாற்றமாகவே முடியும். அகன்ற கிணறு உள்ளவருக்கு யந்திரம் பழுதாவது தொந்தரவு. ஆழ்துளை மட்டும் உள்ளவருக்கு அது பயிர் நஷ்டம். துணை யந்திரத்தைப் பற்றிய பேச்சுக்கு இடம் தருவது இந்த வேறுபாடே.

கம்ப்ரஸர் நீர் தரும் விதம்

காற்றைக் கொண்டு நீரை ஏற்றும் முறையை 1797-ஆம் வருஷத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் இமானுவேல் லோஷர் என்பவர் கண்டார். அதன் தத்துவம் எளியது. நீர்க்குழாயின் அடிப்பாகத்தில் காற்றைச் செலுத்தினால் குமிழிகள் கலந்த நீர் கனம் குறைகிறது. வெளியேயுள்ள கனமான நீர் அதை மேலே தள்ளுகிறது. கிணற்றுக்குள் சுழலும் பாகம் ஒன்றும் இல்லை. மணல் வந்தாலும் தேய்வதற்கு எதுவுமில்லை. நீர் வற்றினாலும் கருகுவதற்கு மோட்டார் உள்ளே இல்லை. யந்திரம் முழுதும் தரைமேல் இருப்பதால் பழுதானதை அவிழ்த்துவிட்டு வேறொன்றைக் கால்மணி நேரத்தில் இணைத்துவிடலாம். நீர்மூழ்கி மோட்டாரை மாற்ற வேண்டுமாயின் குழாய் முழுவதையும் மேலே எடுத்தாக வேண்டும்.

இதற்கு ஒரு பெருங்குறையும் உண்டு. கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாயும் நழுவும் காற்றாயும் வீணாகிறது. நீர் தாராளமாயும் மணலின்றியும் கிடைக்கும் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரே சிக்கனமானது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசமாய் வழங்கப்பட்டு வருவதால் கம்ப்ரஸரின் இக்குறை ரூபாய் அணாவாய் நம் கண்ணில் படுவதில்லை. துணை யந்திரத்தை டீஸலில் ஓட்டும் அன்றைக்குத்தான் அது கண்ணில் படும். வேண்டியதற்கு மேற்பட்ட பெரிய துணை யந்திரம் வாங்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் காரணத்தைக் காண்க

முதல் கம்ப்ரஸர் சென்ற மூன்று வருஷங்களில் எத்தனை தடவை நின்றது, எதனால் நின்றது, எத்தனை நாள் நின்றது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். காரணங்கள் பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கும்: மின்சாரம் இல்லாமை, மோட்டாரின் சுருள் கருகுதல், பெல்ட்டு, வால்வுத் தகடு, பிஸ்டன் வளையம் ஆகியவை தேய்தல், கிணற்றுக்குள் இருக்கும் காற்றுக் குழாய் வெடித்தல்.

பெல்ட்டும் வால்வுத் தகடும்தான் காரணமென்று கண்டால், வேண்டுவது இன்னொரு கம்ப்ரஸர் அன்று. ஒரு ஜோடி பெல்ட்டு, ஒரு தொகுதி வால்வுத் தகடுகள், வளையங்கள், ஜாயின்ட்டு அட்டைகள் ஆகியவற்றை வாங்கி எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் போதும். மோட்டார் கருகுவது காரணமாயின், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்தவுடன் மோட்டாரை நிறுத்திவிடும் காப்புக் கருவி உண்டா என்று பாருங்கள். முனை குறைந்த மின்சாரத்தில் கப்பாசிட்டர் வைத்து மோட்டாரை ஓட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. அவ்வழக்கத்தை விடாதவரையில் எத்தனை மோட்டார் வாங்கினாலும் போதாது. கிணற்றுக் குழாய்தான் வெடிக்கிறதென்றால், மேலே இரண்டு கம்ப்ரஸர் நின்றாலும் பயனில்லை.

மின்சாரமே காரணம் என்பவர்களுக்கும், பழுது பார்க்க யந்திரத்தைத் தொலைவுக்கு அனுப்பிப் பல நாள் காத்திருப்பவர்களுக்கும்தான் துணை யந்திரம் தேவை. அவர்களும்கூட முதலில் ஒரு நீர்த்தொட்டி கட்டுவது சிலாக்கியம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 6 அடி ஆழமுள்ள தொட்டி ஏறத்தாழ 20,000 லிட்டர் கொள்ளும். அதற்குப் பெல்ட்டும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒரு நாள் தடங்கலுக்கு அதைவிடச் சிறந்த துணை வேறில்லை.

எவ்வளவு நீர் நில்லாமல் வேண்டும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு மூன்று ஏக்கர். ஒரு ஏக்கரில் குலை தள்ளும் பருவத்திலுள்ள வாழை, இரண்டு ஏக்கரில் சோளம். கொட்டிலில் இரண்டு கறவைப் பசுக்கள். சோளம் சில நாள் பொறுக்கும். குலை தள்ளும் வாழை பொறாது. அப்பருவத்தில் ஒரு வாரம் காய்ந்தால் காய் சிறுத்துப் பல மாதத்து உழைப்பு வீணாகும். பசுக்கள் ஒரு நாளும் பொறுக்கமாட்டா. ஏக்கருக்கு 1,000 வாழை என்றும், சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 12 லிட்டர் என்றும் கொண்டால் 12,000 லிட்டர். பசுக்களுக்கு 150 லிட்டர். ஆக 12,150 லிட்டர். நிமிஷத்துக்கு 25 லிட்டர் நீர் தரும் சிறு யந்திரம் ஏறத்தாழ 8 மணி நேரம் ஓடினால் இது முடிந்துவிடும். மூன்று ஏக்கருக்கும் நீர் தரும் பெரிய யந்திரத்தைப் போல இன்னொன்று எதற்கு?

மண்ணச்சநல்லூரிலே அரிசி ஆலைகள் மிகுதி. நிறம் பிரிக்கும் யந்திரம் வைத்துள்ள ஆலைக்காரரின் நிலை இதற்கு நேர்மாறானது. நிறம் கெட்ட அரிசி ஒவ்வொன்றையும் காற்று வீச்சினால் ஊதித் தள்ளுவது அந்த யந்திரம். காற்று நின்றால் அதுவும் நிற்கும். காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்தால் பழுதாகும். அவருக்கு முதல் கம்ப்ரஸருக்குச் சமமான துணையும், காற்றை உலர்த்தும் சாதனமும் அவசியம். ஆலையைப் பார்த்துத் தோட்டத்துக்கு யந்திரம் வாங்குவது பொருந்தாது.

கிணறு எவ்வளவு தரும் என்பதையும் அளந்தே அறியவேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் வருவது துளையில் நின்ற நீர்; அதைக் கணக்கில் சேர்க்கலாகாது. அதன்பின் 200 லிட்டர் பீப்பாய் மூன்றை வரிசையாய் நிரப்பி, ஆன நேரத்தின் சராசரியைக் கொள்க. பீப்பாய் 5 நிமிஷத்தில் நிரம்பினால் நிமிஷத்துக்கு 40 லிட்டர். இந்த அளவைப் பங்குனி, சித்திரையில் எடுக்கவேண்டும். ஐப்பசி மழையில் எடுத்த அளவு கோடைக்கு உதவாது.

அழுத்தத்தில் குறையலாகாது, காற்றில் குறையலாம்

சிறிய யந்திரம் என்று சொல்லும்போது எதில் சிறியது என்பதைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸருக்கு இரண்டு அளவுகள் உண்டு: அது தரும் அழுத்தம் ஒன்று, நிமிஷத்துக்குத் தரும் காற்றின் அளவு மற்றொன்று.

அழுத்தத்தை நிர்ணயிப்பது கிணறு. காற்றுக் குழாயின் அடி 380 அடியிலும், நிற்கும் நீர்மட்டம் 180 அடியிலும் இருந்தால், குழாயின் அடிமேல் 200 அடி நீர் நிற்கிறது. 100 அடி நீருக்குச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 43 ராத்தல் அழுத்தம்; ஆகவே 200 அடிக்கு ஏறத்தாழ 87 ராத்தல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோவுக்குச் சற்று மேல். யந்திரம் எவ்வளவு சிறியதானாலும் இந்த அழுத்தத்தை எட்டாவிட்டால் ஒரு சொட்டு நீரும் வராது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது தொடக்க அழுத்தம் இன்னும் அதிகம் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

காற்றின் அளவு குறைந்தால் நீர் குறையும். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் நீர் குழாய்க்குள் கொதிப்பதுபோல் குமுறுமேயன்றி மேலே வராது. அந்த எல்லை நீர்க்குழாயின் விட்டத்தைப் பொறுத்தது. இதை வாங்குமுன்னரே சோதிக்கலாம். இப்போதுள்ள கம்ப்ரஸரின் காற்றுக் குழாயில் ஒரு சிறு வால்வு பொருத்தி, காற்றில் ஒரு பகுதியை வெளியே விட்டுக்கொண்டு பீப்பாய் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். கால் பங்கு காற்றை விட்டால் நீர் எவ்வளவு, பாதியை விட்டால் எவ்வளவு, எப்போது அடியோடு நிற்கிறது என்பது தெரிந்துவிடும். சில கிணறுகளில் காற்றைக் குறைத்தபோதும் நீர் குறையாது. அக்கிணற்றுக்கு இப்போதுள்ள யந்திரமே பெரிதென்று அறிக.

கோடையில் இறைக்கும்போது நீர்மட்டம் 300 அடிக்கு இறங்கினால் குழாயின் அடிமேல் நிற்பது 80 அடி நீர் மட்டுமே. மொத்தக் குழாய் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நன்றாய் வேலை செய்ய இது ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் இருப்பது நலம். இந்நிலையில் நீர் விட்டுவிட்டு வருவதைக் கண்டு, இன்னும் பெரிய கம்ப்ரஸர் வேண்டும் என்று சொல்வோர் பலர். குறை கிணற்றில் இருக்கிறது. கம்ப்ரஸர் உள்ள நீரைக் கொண்டுவருமேயன்றி இல்லாத நீரை உண்டாக்காது.

எதைக் கொண்டு ஓட்டுவது?

மின்சாரம் நிற்கும் நாளுக்காக வாங்கும் யந்திரத்தை மின்சார மோட்டாரோடு வாங்குவது வியப்பான காரியம். ஆனால் அதுவே அதிகம் நடக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பிரதேசங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தபோது, எத்தனை மோட்டார் வைத்திருந்தவரும் காத்திருக்கவே நேர்ந்தது. துணைக் கம்ப்ரஸரை டீஸல் எஞ்சினாலோ, டிராக்டரின் பின்தண்டினாலோ ஓட்டும்படி அமைப்பதே தக்கது. சொந்த டிராக்டர் உள்ளவருக்குத் தனி எஞ்சின் வேண்டுவதில்லை.

ஜெனரேட்டர் வாங்கி, இருக்கும் கம்ப்ரஸரையே ஓட்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்கும் தட்டை வெட்டும் யந்திரத்துக்கும் பயன்படுமென்றால் அதுவும் ஒரு வழியே. ஆனால் மோட்டார் ஓடுவதற்கு வேண்டியதைவிடக் கிளம்புவதற்குப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். ஆகையால் ஜெனரேட்டர் மோட்டாரின் அளவைக் காட்டிலும் பெரிதாய் இருந்தாகவேண்டும். கம்ப்ரஸரே பழுதான நாளில் அது உதவவும் செய்யாது.

பழைய யந்திரம் வாங்குவோருக்கு

துணைக்குத்தானே என்று பழைய கம்ப்ரஸர் வாங்குவதில் தவறில்லை. பெயர்ப் பலகையில் எழுதியிருக்கும் காற்றின் அளவு பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு. உண்மையில் வெளிவரும் காற்று அதனினும் குறைவு, தேய்ந்த யந்திரத்தில் மிகக் குறைவு. இதை அளக்க எளிய வழி உண்டு. 200 லிட்டர் கொள்ளும் காற்றுத் தொட்டியை வெறுமையாக்கி, அழுத்தமானி 0-லிருந்து சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவை எட்டும் நேரத்தைப் பாருங்கள். அதற்குள் புகுந்த காற்று ஏறத்தாழ 200-ஐ 7-ஆல் பெருக்கிய 1,400 லிட்டர். 4 நிமிஷம் ஆனால் யந்திரம் தருவது நிமிஷத்துக்கு 350 லிட்டர். தொட்டியில்லாத கம்ப்ரஸரைப் பட்டறையிலுள்ள அளவு தெரிந்த தொட்டியோடு இணைத்துப் பார்க்கலாம். இச்சோதனைக்கு இணங்காத வியாபாரியிடம் வாங்காதிருப்பதே நலம்.

துருப்பிடித்த தொட்டியையும், ஒட்டுப் போட்டுப் பற்றவைத்த தொட்டியையும் எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் ஏற்கலாகாது. காற்றுத் தொட்டி வெடித்தால் உயிர்ச்சேதம் உண்டாகும். தொட்டியில் நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குச் சோதித்துத் தரும்படி கேட்கவேண்டும். பத்திர வால்வு கசிகிறதென்று ஆப்பு வைத்து அடைப்பது கொலைக்குச் சமானம்.

கூட்டு உடைமையும் கிராம அதிகாரிகளும்

வருஷத்தில் சில நாள் மட்டும் ஓடும் யந்திரத்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே பணம் முடக்குவது சிக்கனமன்று. அடுத்தடுத்த தோட்டக்காரர் நால்வர் சேர்ந்து, சக்கரத்தின்மேல் பொருத்திய ஒரு டீஸல் கம்ப்ரஸரை வைத்துக்கொள்வதே சிறந்ததென்பது என் அபிப்பிராயம். நால்வர் கிணறுகளில் எதற்கு அதிக அழுத்தம் வேண்டுமோ அதற்கு ஏற்றதாய் யந்திரம் இருக்கவேண்டும். இணைப்பு யூனியன்கள் நான்கு கிணற்றிலும் ஒரே அளவாய் இருக்கவேண்டும். எரிபொருள் ஓட்டுபவருடையது; ஓடிய மணிக்கு இவ்வளவு என்று பழுதுநிதி சேர்க்கவேண்டும்; ஒரே சமயத்தில் இருவருக்கு வேண்டியிருந்தால் எந்தப் பயிருக்கு முதலிடம் என்பதையும் முன்னரே எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாய்ப்பேச்சில் தொடங்கிய கூட்டு முதல் கோடையிலேயே வழக்காய் முடியும்.

மின்சாரம் எல்லாருக்கும் ஒரே நாளில் நிற்குமே என்ற ஆட்சேபம் நியாயமானது. நாலு பேருக்கு முறை வைத்தால் ஒருவருக்கு ஒரு நாளில் 5 அல்லது 6 மணி நேரமே கிடைக்கும். ஆகவே கூட்டில் சேர்வோர் ஒவ்வொருவரும் தொட்டி கட்டியிருப்பது அவசியம். அல்லது கூட்டை இருவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இத்தகைய யந்திரம் ஒன்றை வாடகைக்கு வைப்பது பற்றி ஆலோசிக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறை நிலம் திருத்தும் யந்திரங்களை வாடகைக்கு விடுவது எல்லாரும் அறிந்ததே. அம்முறையை இதற்கும் விரிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் தம் கிராமத்தில் மின்சாரமின்றி ஓடக்கூடிய கம்ப்ரஸர்களும் எஞ்சின்களும் யார் யாரிடம் உள்ளன என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால், புயலிலும் வறட்சியிலும் மனிதர்க்கும் கால்நடைக்கும் குடிநீர் தேட அலையவேண்டியிராது.

சும்மா இருக்கும் யந்திரமும் கெடும்

மூன்று வருஷம் தென்னங்கீற்றுக்கு அடியில் கிடந்த துணைக் கம்ப்ரஸர் ஒன்றை, தேவைப்பட்ட நாளில் இழுத்துவந்து ஓட்ட முயன்றதை நான் பார்த்திருக்கிறேன். காற்று வடிகட்டியில் எலி கூடு கட்டியிருந்தது. வால்வுகள் துருவினால் ஒட்டிக்கொண்டிருந்தன. பெல்ட்டு தொட்டவுடன் பிளந்தது. பழுது பார்த்து முடிவதற்குள் ஒரு வாரம் ஓடிற்று, வாழை காய்ந்தது. யந்திரத்தில் குறையில்லை.

துணை யந்திரத்தை மாதத்துக்கு ஒரு நாளாவது கிணற்றோடு இணைத்து முழுவேலை வாங்கவேண்டும். வெறுமனே சுழற்றிப் பார்ப்பது சோதனையாகாது. ஒவ்வொரு தடவையும் எண்ணெய் மட்டம் பார்த்து, தொட்டியின் அடியில் சேர்ந்த நீரை வடித்து, வடிகட்டியைச் சுத்தம் செய்து, கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவே தளரும்படி பெல்ட்டைத் திருத்தி வைக்கவேண்டும். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டலாகாது. வேஷ்டி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவாயினும் சுழலும் சக்கரம் விடாது. வீட்டில் யந்திரம் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே என்றால், இன்னொருவருக்கும் கற்பிக்கவேண்டும். பல குடும்பங்களில் ஆடவர் வெளியூரில் இருக்கும் நாளில் இறைப்பவர்கள் பெண்களே.

ஆகவே வாங்க எண்ணியிருப்போர் இந்தப் பங்குனியில் கடைக்குப் போகுமுன் மூன்று காரியங்களை முடிக்கவேண்டும். நின்ற காரணங்களை எழுதுங்கள். பீப்பாய் வைத்து நீரை அளங்கள். நில்லாமல் வேண்டிய நீர் எவ்வளவென்று கணக்கிடுங்கள். இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு டிமான்ஸ்டிரேட்டரிடம் வந்தால் அரைமணி நேரத்தில் தக்க யோசனை கூற இயலும். சிலருக்கு அந்த யோசனை, கம்ப்ரஸர் வேண்டாம், தொட்டி கட்டுங்கள் என்பதாகவே இருக்கும்.